கொல்லையில் மேட்டுப்பாத்தி: சுவருக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு?

சென்னையில் மேடவாக்கம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் பின்னால் மிஞ்சுவதை மண் என்று சொல்ல மனசு வராது. மேலே முக்கால் அடிக்கு இடிபாடு: செங்கல் துண்டு, காய்ந்த கலவை, டைல்ஸ் சில்லு. அதற்குக் கீழே கறுப்புக் களி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதன் குணம் இங்கேயும் உண்டு. கார்த்திகையில் கால் வைத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். சித்திரையில் அதே இடம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

எங்கள் கொல்லையில் ஏழு வருடத்தில் நான்கு மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறோம். ஒன்று ஹாலோ பிளாக், ஒன்று செங்கல் கட்டு, ஒன்று கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறை, ஒன்றுக்குச் சுவரே கிடையாது. உள்ளே நிரப்பியதும் நான்கு விதம். போன மாதம் சித்தி மகன் மறைமலைநகரில் வீடு கட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டான். "அக்கா, பின்னாடி காய்கறி போடணும். பிளாக் வைக்கட்டுமா, செங்கல் வைக்கட்டுமா?" என்று கேட்டான். பிளாக்கா செங்கலா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே எதைக் கொட்டப் போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கு உள்ளே போகவேண்டும், மிச்சம்தான் சுவருக்கு என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

முதலில், மேடு வேண்டுமா?

மேட்டுப்பாத்தி நமக்குப் புதிதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று விடும்போது ஒரு மீட்டர் அகலத்தில், அரை அடி உயரத்தில் மேடு கட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. இளவேர் அழுகக் கூடாது என்பதுதான் காரணம். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ காற்றும் அவ்வளவு வேண்டும். களிமண்ணின் கண்ணெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் செடி நீரில் நின்றுகொண்டே வாடும். சென்னைக்கு வருடத்தில் ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. களியான கொல்லையில் அந்த மூன்று மாதத்தைத் தாண்ட மேடு வேண்டும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் தேங்கி நின்றால் மேடு போடுங்கள். அரை மணியில் காணாமல் போனால் உங்களுடையது மணல் நிலம். கடற்கரையோரம் நீலாங்கரை, கொட்டிவாக்கம் மாதிரி இடங்களில் இப்படித்தான் வடியும். அங்கே மேட்டுப்பாத்தி போட்டால் கோடையில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் போதாது. அந்த நிலத்துக்கு நேர் எதிரானதுதான் சரி: தரை மட்டத்திலிருந்து கால் அடி இறக்கிய தாழ்பாத்தியும், அதில் நிறைய மக்கு எருவும். மேட்டுப்பாத்திப் படங்களைப் பார்த்துவிட்டு மணலில் சுவர் எழுப்பிய இரண்டு வீட்டை எனக்குத் தெரியும். இருவருமே கடைசியில் சுவரைப் பிரித்துவிட்டார்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர்; நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் சில நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் அதன்மேல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாள் வரைக்கும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். எது எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மண் வாங்கும்போதும் இதே பாட்டிலைக் கையில் கொண்டுபோகலாம்.

அளவு

ஒப்பிடுவதற்காக எல்லாக் கணக்கையும் ஒரே அளவில் வைக்கிறேன்: உள்ளளவு 10 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம். மொத்தம் 30 கன அடி. அகலம் 4 அடிக்கு மேல் போகவே வேண்டாம். நடுவில் இருக்கும் செடியைத் தொட உள்ளே கால் வைக்க நேரும், ஒரு முறை மிதித்தாலே மண் இறுகிவிடும். மதிலை ஒட்டிப் போடுவதானால் ஒரே பக்கத்திலிருந்துதான் கை போகும் என்பதால் இரண்டு, இரண்டரை அடி போதும்.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் ரூபாய்க்குப் பதில் எண்ணிக்கை தருகிறேன், உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அளக்க எளிதான வழி காலி சிமென்ட் மூட்டை. 50 கிலோ மூட்டையின் கொள்ளளவு 1¼ கன அடி. அதாவது இந்தப் பாத்திக்கு 24 மூட்டை.

சுவர்

ஹாலோ பிளாக்கில் 6 அங்குலத் தடிமன் உள்ளதை எடுங்கள். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். ஒரு வரிக்கு 21, இரண்டு வரிக்கு 42 பிளாக். முதல் வரியை 4 அங்குலம் மண்ணுக்குள் இறக்கினால் வெளியே சரியாக ஒரு அடி நிற்கும். சிமென்ட் பூச்சு வேண்டாம், அடுக்கினாலே போதும். 4 அங்குல பிளாக் விலை குறைவுதான், ஆனால் பூச்சில்லாமல் இரண்டு வரி அடுக்கினால் ஈர மண்ணின் அழுத்தத்தில் நடுவில் வயிறு தள்ளுகிறது. இப்படி அடுக்கிய சுவரில் இடுக்கு இடுக்காகத் தண்ணீர் வடியும். பிடிக்காவிட்டால் பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம். இதன் குறை அந்த ஓட்டைகள். மழைக்காலத்தில் ராட்சத ஆப்பிரிக்க நத்தை பகலில் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. தேளும் வரும். ஓட்டைகளை மண் போட்டு நிரப்பிச் செண்டுமல்லி நட்டுவிடுங்கள். வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கும் பூ அது; கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றுக்குமே அந்தப் புழு எதிரி.

செங்கல் பார்க்க அழகு. என் மாமியாருக்குப் பிடித்தது அதுதான். 4½ அங்குலச் சுவர், நான்கு வரி, ஏறக்குறைய 140 கல். அடித்தள வரி சேர்த்தால் 175 வரை போகும். கொத்தனார் கூலி தனி. அழகைத் தவிர இதில் மேலதிக நன்மை எதையும் நான் காணவில்லை, ஒரு பாடம் மட்டும் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவே தண்ணீரில் நின்றது. நான்கு பாத்தியும் மூழ்கின. தண்ணீர் இறங்கிய இரண்டாம் நாளே அடுக்கிய பிளாக் பாத்தியில் மண் கையில் உதிர்ந்தது. செங்கல் பாத்தியில் ஒரு வாரமாகியும் பிழிந்தால் நீர் வந்தது. கட்டும்போது தண்ணீர் வடியக் கண் விடவில்லை. அதில் இருந்த கத்தரி பதினொன்றும் போய்விட்டது, பிளாக் பாத்தியில் இரண்டுதான் போனது. சாக்கடை கலந்த வெள்ளம் என்பதால் கீரையை எல்லாப் பாத்தியிலும் பிடுங்கிப் போட்டோம். அதன்பிறகு செங்கல் சுவரில் தரையோடு ஒட்டி மூன்று அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு அரை அங்குல பைப் செருகினோம். நீங்கள் பூச்சு வைத்துக் கட்டுவதானால் இதைக் கட்டும்போதே செய்துவிடுங்கள்.

இப்போது உறை. உறைக்கிணற்றுக்கும் மழைநீர்க் குழிக்கும் இறக்குகிற அதே சிமென்ட் வளையம்தான். இதைப் பாத்திக்கு யாரும் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. 3 அடி விட்டம், 1 அடி உயரம் உள்ள ஒரு உறை 7 கன அடி மண் கொள்ளும்; நான்கு உறை வைத்தால் நம் 30 கன அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடித்தளம் தேவையில்லை. கொத்தனார் தேவையில்லை. இரண்டு பேர் உருட்டி வந்து இறக்கினால் சுவர் தயார். எந்தப் பக்கத்திலிருந்தும் நடுவுக்கு ஒன்றரை அடிதான், கை எட்டும். உறை போடும் இடங்களில் ஓரம் உடைந்தது கிடக்கும். கிணற்றுக்கு ஆகாது, நமக்கு ஆகும். குறைத்துக் கேட்டு வாங்குங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு: ஒரு உறையில் நோய் வந்தால் அது அந்த உறையோடு நிற்கிறது. ஒன்றில் தக்காளி வாடியபோது அதை மட்டும் காலி செய்து காயப்போட்டேன், மற்ற மூன்றும் காய்த்துக்கொண்டிருந்தன. வட்டம் என்பதால் இடையில் மூலைகள் வீணாவது உண்மை. இடம் குறுகலாக இருந்தால் பிளாக். அகலமாக இருந்தால் உறை.

புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். உறையோ பிளாக்கோ, வாங்கியதும் இரண்டு வாரம் நன்றாகத் தண்ணீர் விட்டுக் காயவையுங்கள். கத்திரி வெயிலில் மேற்குப் பக்கச் சுவர் கொதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஓரத்தில் கொடிப்பசலையை விட்டுச் சுவர்மேல் தொங்கவிட்டால் சூடு உள்ளே இறங்காது.

மரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குளிர்நாடுகளில் மேட்டுப்பாத்தி என்றாலே மரப்பலகைதான். நம் ஊரில் கரையான் இருக்கிறது. ஈர மண்ணை ஒட்டிய சவுக்குக் கழி இரண்டாம் வருடம் கையோடு வந்துவிடும். தென்னந்துண்டு அதைவிடச் சீக்கிரம். சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகை வாங்கினால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: 'ஹெச்.டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்.பி' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. இரண்டாவதைத் தொடவேண்டாம்.

கடப்பா கல்லை நிறுத்திவைத்துப் பாதி அடி புதைத்தால் காலத்துக்கும் நிற்கும். கறுப்புக் கல் என்பதால் வெயிலை இழுக்கும், முனை கூர்மையாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எனக்குப் பயம். தார்ப்பாய்த் துணியில் தைத்து விற்கிற க்ரோ பெட் மாடிக்கு நல்லது. தரையில் பெருச்சாளி ஒரே இரவில் கிழித்துவிடும்.

இரண்டை மட்டும் கண்டிப்பாக விலக்குங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து ஓரமாக நட்டுவைப்பது நம் பக்கத்தில் சகஜமாக இருக்கிறது. உடைக்கும்போது பறக்கிற இழை நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, பல வருடம் கழித்து நோயாக வரும். உடைக்காமல் விட்டாலும் வெயிலிலும் மழையிலும் அது உதிர்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று பழைய டயர். சாப்பிடுகிற செடிக்கு அது வேண்டாம்.

சுவரே இல்லாத பாத்திக்கு வருவோம். நடைபாதை இரண்டையும் அரை அடி வெட்டி, அந்த மண்ணை நடுவில் போட்டு, ஓரத்தைச் சரிவாகத் தட்டிவிட்டால் முக்கால் அடி மேடு வந்துவிடும். செலவு ஒரு ஆள் கூலி. ஐப்பசி அடைமழையில் ஓரம் கரையும். வைக்கோலோ காய்ந்த இலையோ கனமாகப் போர்த்தினால் பெரும்பாலும் நிற்கிறது, வருடத்துக்கு ஒரு முறை மண்வெட்டியால் எடுத்து அணைக்கவேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, சுவர் அல்லது எரு என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுங்கள். நல்ல எரு போட்ட சுவரில்லாப் பாத்தி காய்த்தது போல, வெறும் செம்மண் போட்ட செங்கல் பாத்தி எங்கள் வீட்டில் முதல் இரண்டு வருடமும் காய்க்கவில்லை.

அடியில் என்ன

செங்கல் பாத்தி கட்டும்போது கொத்தனார், "அம்மா, அடியில் ரெண்டு அங்குலம் காங்கிரீட் போட்டுடலாமா? சுத்தமா இருக்கும்" என்றார். "வேண்டாம் மேஸ்திரி, வேர் கீழே போகணும்" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடி திறந்திருந்தால் பாத்தி பூமியோடு சேர்ந்தது: மண்புழு மேலே வரும், வேர் கீழே போகும், மிஞ்சிய தண்ணீர் இறங்கும். அடியை மூடினால் அது பெரிய தொட்டி. தார்ப்பாய் விரிப்பதும் அதே தப்புதான்.

திறந்திருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒன்றரை அடி ஆழம் இருந்தால் நல்லது. அதற்காக ஒன்றரை அடிச் சுவர் கட்ட வேண்டியதில்லை. ஒரு அடிச் சுவர். உள்ளே தரையை இடிபாடு பொறுக்கி, கடப்பாரையால் அரை அடி கிளறி, எரு கலந்துவிட்டால் ஆழம் கிடைத்துவிட்டது. கீரைக்கு அரை அடி மேல்மண்ணே தாராளம்.

பெருச்சாளித் தொல்லை உள்ள இடத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பி வலையை அடியில் விரித்து ஓரங்களை மேலே மடித்துவிடுங்கள். வேர் போகும், பெருச்சாளி வராது.

தென்னையோ முருங்கையோ பக்கத்தில் இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். தென்னையின் வேர்கள் மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்துக்குள்தான் அதிகம். அதற்குள் பாத்தி போட்டால் ஒரே பருவத்தில் அடியிலிருந்து மேலேறி, நாம் போட்ட எருவையெல்லாம் அது சாப்பிட்டுவிடும். மண்ணைத் தோண்டினால் கயிற்றுப்பாய் மாதிரி வேர் எழுந்து வரும்.

நிரப்புவது

நான் பணத்தை இழந்ததும், பிறகு கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

மாடித்தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் கலவை ஒன்று இருக்கிறது: ஒரு பங்கு மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு எரு. சிலர் மண்ணே இல்லாமல் நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் மட்டும் போடச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பிறந்தது மாடித் தளம் பாரம் தாங்கவேண்டும் என்பதற்காக. தரையில் நிற்கிற பாத்திக்குப் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. மண் இருந்தால்தான் சத்து தங்கும், செடி சாயாமல் நிற்கும், வருடா வருடம் அளவு குறையாது. தரைப் பாத்திக்கு மண்தான் உடம்பு. நார்க்கழிவு துணைக்கு மட்டும். பல பேர் மாடிக் குறிப்பை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

நார்க்கழிவு கெட்டதில்லை. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும், களியை இளக்கும். ஆனால் கழுவாத கட்டியில் உப்பு இருக்கும், டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் இருக்கும். பச்சை நார்க்கழிவில் கரிமச்சத்து தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். அதனால்தான் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கடைக் கட்டி வாங்கினால் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, இதை மூன்று முறை செய்யுங்கள். ஏற்கெனவே போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற தென்சென்னையில் இது அவசியம். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 65 லிட்டர், அதாவது 2 கன அடிக்குக் கொஞ்சம் மேல்.

செம்மண் லோடு வாங்குவதில் ஒன்றைக் கவனியுங்கள். குட்டியானை வண்டியில் முக்கால் டன் ஏற்றினால் 18 கன அடி அளவுக்குத்தான் மண் வரும். ஒரு லோடில் பாத்தி நிறைந்துவிடும் என்று நினைத்தால் நிறையாது. அதைவிட முக்கியம், மண்ணோடு வருவது. எங்கள் முதல் லோடில் கோரை வந்தது. பார்க்க நல்ல செம்மண். பதினைந்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை ஊசி. கோரையைப் பிடுங்கினால் இலைதான் வரும். கிழங்கு கீழே சங்கிலியாக நிற்கும், ஒன்று போனால் இரண்டு முளைக்கும். அட்டை விரித்துப் பார்த்தோம், அட்டையைக் குத்திக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் போராடிவிட்டு, ஒரு சித்திரையில் பாத்தி முழுவதையும் வெளியே அள்ளிப்போட்டு, கம்பி வலையில் சலித்து, கிழங்கையெல்லாம் வெயிலில் சுண்டக் காயவைத்த பிறகுதான் அடங்கியது. 24 மூட்டை மண்ணைச் சட்டி சட்டியாகச் சலிப்பது என்ன என்று என் தோளுக்குத் தெரியும். இப்போது மண்ணோ எருவோ, லோடு சொல்வதற்கு முன் ஒரு சட்டி வாங்கிவந்து பத்து, பதினைந்து நாள் தண்ணீர் தெளித்து வைக்கிறேன். என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம்.

ஏரி வண்டல், தென்பக்கத்தில் கரம்பை என்பார்கள், கிடைத்தால் செம்மண்ணைவிடச் சத்து உண்டு. ஆனால் அதுவும் களிதான். மணல் நிலத்துக்கு அது மருந்து, எங்களைப் போன்ற களிமண்காரர்களுக்கு உதவாது. களியை இளக்குகிறேன் என்று கொஞ்சம் மணல் மட்டும் கலப்பதும் உதவாது. சூளையில் வைக்காத செங்கல் மாதிரி இறுகும். களியை இளக்குவது எருவும் இலைதழையும்தான்.

எரு என்றால் மக்கிய எரு. பாட்டி வீட்டு எருக்குழியில் அடியிலிருந்து வெட்டி எடுப்பார்கள்; கறுப்பாக, ஈரமாக, மழை பெய்த மண் வாசனையோடு வரும், சாணி வாசனையே இருக்காது. அந்த வாசனைதான் அடையாளம். கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தாலோ, மூக்கில் காரமாக ஏறினாலோ இன்னும் மக்கவில்லை. கோழி எரு சத்து அதிகம், ஆனால் பச்சையாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும். தொழு உரத்தில் விரல் தடிமனில் வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு; நாளைக்கு வண்டாகிப் பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். நிறைய இருந்தால் மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சையை எருவில் கலக்கலாம், புழுவைக் கொல்லும்.

கடையில் பைபையாக விற்கிற தயார் கலவை? எடைக்கு விற்கிறார்கள், அந்த எடையில் ஈரமும் சேர்த்தி. நான்கு தொட்டிக்கு வாங்கலாம். 30 கன அடிக்கு வாங்கினால் அந்தப் பணத்தில் மூன்று பாத்திக்கு மண்ணும் எருவும் வாங்கியிருக்கலாம், அதிலும் பெரும்பங்கு நார்க்கழிவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, அடியில் மரக்கட்டையும் மட்டையும் போட்டு நிரப்பும் முறை. ஜெர்மன்காரர்கள் கட்டைமேல் மண் குவித்து மேடு போடுவதிலிருந்து வந்தது. உரிமட்டை, முருங்கைக் கட்டை, காய்ந்த இலை எல்லாம் அடியில், மேலே அரை அடி மண். வாங்கும் மண் பாதியாகக் குறையும் என்பது ஆசை காட்டும். நானும் அதில் விழுந்தேன். ஒரே மழைக்காலத்தில் 12 அங்குலம் 7 ஆக இறங்கியது. கத்தரி வெளுத்து நின்றது. கட்டையில் கரையான். உரிமட்டை அடுக்கில் மேலே சொன்ன வெள்ளைப் புழு. இரண்டாம் வருடம் எல்லாம் மக்கிய பிறகு அதே பாத்தி நன்றாகக் காய்த்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு அடிப் பாத்திக்கு இது வேண்டாம் என்பேன். முட்டி வலி உள்ளவர்களுக்காக இரண்டு அடி உயரத்தில் கட்டும்போது மட்டும் இது பயன்படும்: 60 கன அடி வெறும் மண்ணால் நிரப்ப முடியாது, கீழே பாதிக்கு இலை, வாழைத்தண்டு, உரிமட்டை போட்டு மேலே முழு ஒரு அடி மண் வையுங்கள். என் மாமியாருக்கு ஒரு உறைமேல் இன்னொரு உறை ஏற்றி அப்படித்தான் செய்தோம். ஸ்டூலில் உட்கார்ந்து கீரை கிள்ளுகிறார்.

தம்பிக்குச் சொன்னது

மறைமலைநகரில் அவன் இடம் அகலம்; நான்கு உறை போடச் சொன்னேன். உள்ளே மொத்தத்துக்கும்: சோதித்து வாங்கிய செம்மண் 12 மூட்டை, அவன் கொல்லை மண்ணைக் காயவைத்து உடைத்தது 3, மக்கிய தொழு உரம் 6, கழுவிய நார்க்கழிவு 5 கிலோ கட்டி இரண்டு, வேப்பம் புண்ணாக்கு 3 கிலோ. கூட்டிப் பார்த்தால் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். கலக்கும்போது பொடி மண் நார்க்கழிவின் இடுக்கில் இறங்கிக் குறையும், மழையில் இன்னும் படியும். அதனால் விளிம்புக்கு மேலே குவியலாகவே நிரப்பவேண்டும். அடுக்கடுக்காகப் போடாமல் வெளியே தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் மூன்று முறை புரட்டிக் கலந்து நிரப்பினால்தான் எல்லா இடமும் ஒரே மாதிரி வரும்.

அடுத்தடுத்த வருடம் இவ்வளவு தேவையில்லை. ஒரு அங்குலம் எரு, அதாவது இரண்டு மூட்டை, பட்டத்துக்கு முன் மேலே பரப்பினால் போதும்.

வைகாசியில் உறையை இறக்கி நனைத்து, ஆனி பிறப்பதற்குள் நிரப்பி, மூன்று வாரம் தண்ணீர் தெளித்துப் படியவிடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஏதாவது கோரை தலைகாட்டினால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடலாம். ஆடியில் முதல் நடவு: இரண்டு உறையில் கத்தரி, ஒன்றில் வெண்டை. நான்காவதில் இந்தப் பட்டம் காய் வேண்டாம், தட்டைப்பயறும் சணப்பையும் நெருக்கமாக விதைத்து, பூக்கும் முன் அறுத்து மண்ணோடு மடக்கிவிடு என்றேன். தை மாதம் தக்காளி அங்கேதான் போகும். "ஒரு உறை சும்மா இருக்கணுமா அக்கா?" என்று இழுத்தான். இந்த வருடத்து எரு விலை கொடுத்து வாங்கியது. நான்காவதில் அடுத்த எரு அங்கேயே விளைகிறது என்று சொன்னேன், சரி என்றான்.